ஓ வகைக்கு இறைச்சி, ஏ வகைக்கு மரக்கறியா? குருதியைப் பார்த்து உணவைத் தெரிவு செய்யும் முறை

கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் குசினிச் சுவரில், உப்புப் போத்தல் வைக்கும் தட்டுக்கு மேலே, லமினேற் செய்த தாள் ஒன்று ஆறு மாதத்துக்கு மேல் தொங்கியது. ஓ வகைக் குருதி உள்ளவர்கள் உண்ணக்கூடியவை அதில் பச்சை எழுத்திலும் தவிர்க்க வேண்டியவை சிவப்பு எழுத்திலும் இருந்தன. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பியதை அவர் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்திருந்தார். "நான் ஓ பொசிட்டிவ், எனக்குப் பருப்புச் சரிவராதாம் தங்கச்சி" என்று சொல்லி, பிறந்த நாள் முதல் உண்டு வந்த பருப்புக்கறியை நிறுத்திவிட்டு, வாரத்தில் நான்கு நாள் இறைச்சி சமைத்தார். ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து எடுப்பவர். அடுத்த கிளினிக்கில் கொலஸ்ட்ரோலும் கூடியிருப்பதாகச் சொன்னார்கள்.

குருதியைப் பார்த்து உணவைத் தெரிவு செய்வது நல்ல யோசனைதான். ஆனால் அதற்குக் குருதி வகையின் எழுத்து உதவாது. பரிசோதனை அறிக்கையில் இருக்கும் எண்களே உதவும். முதலில் அந்த எழுத்தின் கதையை முடித்துக்கொள்வோம்.

குருதி வகைகளை வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் 1901 இல் வகைப்படுத்தி வெளியிட்டார். அதற்காக 1930 இல் நோபல் பரிசும் பெற்றார். அவற்றை உணவோடு முடிச்சுப் போட்டுப் பரப்பியவர் அமெரிக்க இயற்கை மருத்துவரான பீற்றர் டி'அடமோ. 1996 இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, ஓ வகையினர் வேட்டையாடிகளின் வழி வந்ததால் இறைச்சி உண்ண வேண்டும். ஏ வகையினர் உழவர்களின் வழி வந்ததால் மரக்கறி உண்ண வேண்டும். பி வகையினர் மேய்ச்சற்காரர் என்பதால் பாலுணவு பொருந்தும். ஏபி வகையினருக்கு ஏ, பி இரண்டுக்கும் உரியவை கலந்தது. கேட்க அழகான கதை. ஆனால் ஏ, பி என்ற வேறுபாடு மனிதருக்கும் குரங்கினங்கள் சிலவற்றுக்கும் பொதுவானது. குறைந்தது இரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையது. மனிதன் வயல் உழத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டளவுதான் ஆகிறது. ஏ வகை உழவோடு வந்ததென்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

இந்தக் கொள்கைக்குச் சான்றாகச் சொல்லப்படுவது லெக்ரின் என்ற புரதம். பருப்பு, அவரை, தானியங்களில் உள்ள இந்தப் புரதம் பொருந்தாத வகைக் குருதிக் கலங்களை ஒட்டித் திரளச் செய்யும் என்கிறார்கள். இதில் ஒரு துளி உண்மை உண்டு, அந்தத் துளி நம் கொள்ளில்தான் இருக்கிறது. கொள்ளு விதையிலிருந்து பிரித்தெடுத்த லெக்ரின் ஏ வகையின் உட்பிரிவான ஏ1 கலங்களை மட்டும் திரளச் செய்வதால், குருதி வங்கிகளில் ஏ1, ஏ2 என்று பிரித்தறிய அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது சோதனைக் குழாயில் நடப்பது. கொள்ளை இரவு ஊறவிட்டு, மறுநாள் குழைய அவித்து இரசம் வைக்கும்போது, அந்த லெக்ரினின் பெரும்பகுதி கொதியிலேயே செயலிழந்துவிடுகிறது. ஆகவே அவரை, கௌபி, கடலை எதுவானாலும் ஊறவைத்து, ஊறிய நீரை ஊற்றிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு அவியுங்கள். அரைவேக்காட்டில் இறக்க வேண்டாம். இந்த அறிவுரை எல்லாக் குருதி வகைக்கும் ஒன்றே.

"இன்னார் இந்தப் பட்டியல்படி உண்டு நன்றாக இருக்கிறாரே" என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. கனடாவின் ரொறொன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,455 பேரின் உணவையும் குருதியையும் ஒப்பிட்டு 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஏ வகைக்கான உணவை ஒத்து உண்டவர்களுக்கு உடற்பருமனும் குருதி அழுத்தமும் கொலஸ்ட்ரோலும் குறைவாக இருந்தன. அவர்கள் உண்மையில் எந்தக் குருதி வகையினராக இருந்தாலும் அப்படியே இருந்தது. மரக்கறியும் பழமும் தீட்டாத தானியமும் கூட்டி, பொரியலும் சீனியும் குறைத்தால் யாருடைய உடம்பும் தேறும். புகழை எழுத்து தட்டிக்கொண்டு போகிறது.

பட்டியலை நம் வீட்டில் நடைமுறைப்படுத்திப் பார்த்தால் வேடிக்கை இன்னும் தெளிவாகும். தந்தை ஏ, தாய் பி என்றால் பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ என எந்த வகையிலும் பிறக்கலாம். பி வகைக்கு எள்ளும் கச்சானும் கோழியும் ஆகாது என்கிறது பட்டியல். அதன்படி வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்த் திரும்பும் தாய் கச்சான் கடைகளைப் பாராமல் வர வேண்டும். எள்ளுருண்டை பிடித்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். ஓ மகனுக்குப் பருப்பில்லாமல் ஒரு சட்டி, ஏ கணவருக்கு இறைச்சியில்லாமல் இன்னொரு சட்டி வைக்க வேண்டும். ஒரு அடுப்பும் ஒரு வருமானமும் உள்ள வீட்டில் இது நடக்காது. நடந்தாலும் முதலில் வெட்டுப்படுவது மலிவான புரதமான பருப்பும் பயறும்தான் என்பதே என் பெரிய மனக்குறை.

இனி எண்களுக்கு வருவோம். வெறும் வயிற்றில் எடுத்த குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 100 க்கும் 125 மில்லிகிராமுக்கும் இடையில் இருந்தால் எச்சரிக்கை; 126 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் நீரிழிவு. அப்படியானவர் மாற்ற வேண்டியது கோப்பையின் பங்கீட்டை. நாம் சோற்றைக் குன்றாகக் குவித்து அதன் ஓரத்தில் கறியை வைக்கிறோம். கோப்பையில் அரைப்பங்கைக் கீரை, பயிற்றங்காய், புடலங்காய், கத்தரிக்காய் போன்றவற்றுக்குக் கொடுத்து, கால்பங்கு மீனோ பருப்போ வைத்து, மீதிக் கால்பங்கில் மட்டும் சோறு போடுங்கள். வெள்ளை அரிசியைவிடத் தவிடு நீங்காத சிவப்பரிசி நல்லது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நாட்டு அரிசி கிடைக்கும் வீடுகள் கொடுத்து வைத்தவை. குரக்கன் புட்டும் நல்லது, 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியமும் இருக்கிறது; ஆனால் குரக்கனென்பதற்காக மூன்று நீத்துப்பெட்டிப் புட்டு உண்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

ஈமோகுளோபின் டெசிலீற்றருக்குப் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் குருதிச்சோகை. முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, மீன், ஈரல் ஆகியவற்றோடு தேசிக்காய்ப் புளியோ நெல்லியோ சேர்த்தால் மரக்கறியிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைக் கெடுக்கும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகள் உணவை மட்டும் நம்பி, கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை அலுமாரியில் சேர்த்து வைக்கக் கூடாது.

கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் தேங்காயின் முதற்பாலைக் குறைத்து, இரண்டாம் பாலில் சொதியும் கறியும் வைக்கப் பழகலாம். பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்கு, மேற்படக் கூடாது. கருவாடு, ஊறுகாய், கடைச் சிற்றுண்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முல்லைத்தீவில் நல்ல மீன் கிடைக்கும் நாளில் கருவாட்டுக்கு ஏன் போக வேண்டும்?

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் என்ற எண்ணில். வவுனியாவின் சில கிராமங்களில் சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருப்பது நமக்குத் தெரியும். அப்படியான ஒருவர் ஓ வகை என்று எண்ணி இறைச்சியைக் கூட்டினால் பழுதடைந்த சிறுநீரகத்துக்கு மேலும் சுமை ஏற்றுகிறார். அவருக்கு எவ்வளவு புரதம், எந்தப் பழம், எவ்வளவு நீர் என்பதை வைத்தியர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கே நான் சொல்ல முனைவது தவறு.

அதற்காகக் குருதி வகை பயனற்றது என்று எடுத்துவிடாதீர்கள். குருதி ஏற்றும்போது அது உயிர்ப் பிரச்சினை. தாயின் குருதி வகை நெகட்டிவாகவும் பிறந்த பிள்ளையினது பொசிட்டிவாகவும் இருந்தால், அடுத்த பிள்ளையைக் காப்பதற்காகப் பிரசவத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அன்ரி-டி ஊசி போட வேண்டும். ஓ வகையினருக்கு வயிற்றுப் புண்ணும், ஏ வகையினருக்கு இரைப்பைப் புற்றுநோயும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக வருவதும் உண்மை. ஆனால் அந்த வேறுபாடு சிறியது. அதை வைத்து ஒருவருக்கு உணவுப் பட்டியல் எழுத இடமில்லை.

உணவை மாற்றியபின் வாரத்துக்கு வாரம் பலன் தேட வேண்டாம். எச்பிஏ1சி என்ற குருதிப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டுவதால், மூன்று மாதம் கழித்து அதை எடுத்துப் பழைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அக்காவும் அப்படித்தான் காத்திருக்கிறார். சுவரில் இருந்த தாளின் பின்பக்கத்தில் இப்போது தன் கிளினிக் திகதிகளை எழுதி வைத்திருக்கிறார். பருப்புச் சட்டி மீண்டும் அடுப்பில் ஏறியிருக்கிறது.