ஃபோம் பலகையில் ஒரு ஹரிக்கேன்: முதல் போர் விமான மாதிரி செய்முறை

ரேடியோ மாதிரி விமானத்தை ஓரளவு பறக்கவிடத் தெரிந்ததும் பலருக்கும் கை அரிப்பது போர் விமானத்துக்குத்தான். அதிலும் எல்லோருக்கும் ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும். பொறுங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனி குறுகிக்கொண்டே போகும். சிறிய மாதிரியில் வேகம் குறைந்தால் நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். ஒரு பக்கம் சட்டென்று சாய்ந்து விமானம் தலைகுப்புற விழும். சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த ஹாக்கர் ஹரிக்கேனுக்கு அகன்ற, தடித்த இறக்கை. நேர்க்கோடுகளால் ஆனதால் வெட்டுவதும் எளிது. முதல் மாதிரிக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

நமக்கும் அது அந்நியமான விமானமில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிப் போராடியவை ஹரிக்கேன்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையிலும் அவையே எதிர்கொண்டன.

ஒரு நிபந்தனை. ஏலரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டு) உள்ள பயிற்சி விமானம் ஒன்றைத் தனியாக ஏற்றி, சுற்றி, இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் கணினி சிமுலேட்டரில் சில வாரம் பழகிவிட்டு வாருங்கள்.

அளவும் பொருள்களும்

அசல் ஹரிக்கேனின் இறக்கை விரிவு 12.19 மீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால் ஏறத்தாழ 1 மீட்டர் வரும். பேட்டரியோடு சேர்த்து 650 கிராமுக்குள் முடிப்பது இலக்கு. எடை கூடக்கூடத் தரையிறங்கும் வேகமும் கூடும் என்பதால் இந்த எண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள்.

காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் பலகை வாங்குங்கள். விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் பிவிசி பலகை பார்வைக்கு அப்படியே இருக்கும். கையில் தூக்கினால் கனம் தெரிந்துவிடும். அது வேண்டாம். 2212 அளவு, 1400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 8×4 (அங்குலத்தில் விட்டமும் பிட்ச்சும்) ப்ரொப்பெல்லர், தட்டுகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு, மூன்று செல் 1500 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆகியவை போதும். ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ. சாதாரண சூப்பர் க்ளூ ஃபோமைக் கரைத்துவிடும்.

இறக்கை

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். பலகையில் இறக்கையின் மேல், கீழ்ப் பரப்புகளை அடுத்தடுத்து வரைந்து, நடுவில் வரும் முன்விளிம்புக் கோட்டில் காகிதத்தை மட்டும் லேசாகக் கீறி மடியுங்கள். உள்ளே ஃபோம் கீற்றுகளை இரட்டையாக ஒட்டி, நடுத்தண்டாக நெடுக நிறுத்துங்கள். அதன் உயரம்தான் இறக்கையின் தடிப்பு. தண்டோடு ஒரு கார்பன் குழாயையும் ஒட்டிவிட்டால் வளைவில் இறக்கை மடங்கும் பயம் இல்லை. ஹரிக்கேனின் நடுப்பகுதி தட்டையாகவும், வெளிப்பகுதிகள் 3.5 டிகிரி மேல்நோக்கியும் இருக்கும். அதை அப்படியே வையுங்கள்.

இனி முக்கியமான வேலை. மேல்பரப்பை மடித்து ஒட்டுவதற்கு முன், நுனியின் பின்விளிம்புக்கு அடியில் 4 மி.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு ஒட்டுங்கள். பசை இறுகியதும் நுனி, வேரைவிட (இறக்கை உடலோடு சேரும் இடம்) ஏறத்தாழ 2 டிகிரி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். வேகம் குறையும்போது வேர்ப்பகுதி முதலில் தளர்ந்து, நுனியும் ஏலரானும் சற்று நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் முறுக்கு கூடுதலாகத் தெரிந்தால் உடனே சூடாக்கிச் சரிசெய்யுங்கள். பறக்கும் இடத்தில் ட்ரிம் (ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கச் செய்யும் சிறு திருத்தம்) வைத்துச் சமாளிக்கலாம் என்று விடக்கூடாது.

உடலும் வாலும்

உடல் வெறும் பெட்டிதான். மேல்முதுகை மட்டும் வளைத்து மூடுங்கள். போர் விமானங்களுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் 1 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 2, 3 கிராம் வைக்க வேண்டிவரும். ஆகவே பின்பகுதியில் பசையைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள். வால் பகுதிப் பலகையின் உள்பக்கக் காகிதத்தை உரித்துவிடலாம். அசல் ஹரிக்கேனின் பின்னுடலும் சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதான். சக்கரம் வேண்டாம், புல்லில் வயிற்றால் இறக்குவோம்.

மோட்டாரை 2 டிகிரி கீழ்நோக்கியும் 2 டிகிரி வலப்புறமாகவும் சாய்த்துப் பொருத்துங்கள்.

வண்ணம்

போர் விமானத்தின் பச்சையும் பழுப்பும் எதிரியின் கண்ணை ஏமாற்றப் பூசியவை. வானில் உங்கள் கண்ணையும் ஏமாற்றும். ஆனால் 1939, 40 வாக்கில் பிரிட்டிஷ் விமானப்படை தன் படையினர் அடையாளம் காண்பதற்காக இடது இறக்கையின் அடிப்புறத்தைக் கறுப்பாகவும் வலதை வெள்ளையாகவும் பூசியிருந்தது. அதையே பூசுங்கள். வரலாற்றுக்கும் பொருந்தும், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும். ஸ்ப்ரே பெயின்ட் ஃபோமை அரிக்கக்கூடும். நீரில் கரையும் அக்ரிலிக் போதும்.

சமநிலை

பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கையின் வேரில் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. பின்னால் இரு விரல்களால் தாங்குங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே விடாதீர்கள். பேட்டரியை முன்னே தள்ளுங்கள், போதாவிட்டால் மூக்கில் ஈயம் வையுங்கள். மூக்குக் கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வால் கனத்தது ஒரே ஒருமுறைதான் பறக்கும்.

ஏலரான் மேலும் கீழும் 9 மி.மீ., எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) 8 மி.மீ., எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம். இதெல்லாம் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவைத்துவிட்டுச் செய்யும் வேலை. ஸ்டிக்கை வலப்புறம் தள்ளினால் வலது ஏலரான் மேலே வர வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

முதல் பறப்பு

காற்று அடங்கிய காலை நேரம், ஆளில்லாத பெரிய புல்வெளி. இந்தியாவில் என்றால் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதி) வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எறிய இன்னொருவர் வேண்டும். உங்கள் இரு கைகளும் ஸ்டிக்கிலேயே இருக்கட்டும். காற்றுக்கு எதிராக, முழு த்ராட்டிலில் (மோட்டாரின் முழு வேகத்தில்), தரைக்கு இணையாக வலுவாக எறியச் சொல்லுங்கள். மேல்நோக்கி எறிவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு: வேகம் பிடிக்கும் முன்பே மூக்கு உயர்ந்து, மோட்டாரின் முறுக்கில் இடப்புறம் புரண்டுவிடும். கையை விட்டதும் அது சற்றுத் தாழ்ந்தால் பதறி எலிவேட்டரை இழுக்காதீர்கள். வேகம் கூடியதும் தானே ஏறும்.

30 மீட்டர் உயரம் வந்ததும் த்ராட்டிலை அறுபது சதவீதத்துக்குக் குறைத்து ட்ரிம் செய்யுங்கள். பிறகு 50 மீட்டருக்கு ஏறி, த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உயரத்திலேயே தெரிந்துகொள்வதற்கான சோதனை இது. சாய்ந்ததும் ஸ்டிக்கை விட்டுவிட்டுத் த்ராட்டில் கொடுத்தால் மீண்டுவிடும்.

4 நிமிடத்தில் இறங்கத் தொடங்குங்கள். கடைசித் திருப்பத்தை அகலமாக எடுங்கள். தாழ்வாக, மெதுவாக, எலிவேட்டரை இழுத்தபடி திரும்புவதுதான் போர் விமான மாதிரிகளைத் தின்கிறது. நேராக வந்ததும் த்ராட்டிலை முழுவதும் மூடாமல் கால் பங்கு வைத்தே இறக்கி, இடுப்பு உயரம் வந்தபின் மூடி, மூக்கை மட்டமாகப் பிடித்திருங்கள்.

இறங்கியதும் பேட்டரியைக் கழற்றி மின்னழுத்தம் பாருங்கள். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அடுத்த முறை டைமரை அரை நிமிடம் கூட்டலாம், 3.5க்குக் கீழே போயிருந்தால் குறைக்க வேண்டும். அன்று மறுபடி பறக்கவிடப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டு, இறக்கை வேரில் புதிதாக மடிப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.