எல்.கே.ஜி. வகுப்பில் போனும் டிவியும்: எனக்குக் கைகொடுத்த வழிகள்

ஈரோடு மாவட்டம் கோபி பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க 2,381 அங்கன்வாடிகளில் இந்த வகுப்புகளைத் தொடங்கினார்கள். எங்களுடையதும் அதில் ஒன்று. வகுப்பில் ஊர்க்காரர்கள் வாங்கித் தந்த ஒரு ஸ்மார்ட் டிவி, ஒரு சின்ன ஸ்பீக்கர், பழைய டேப்லெட் (டேப்) ஒன்று, என் சொந்த போன் இருக்கின்றன. இந்த வகுப்புக்குப் புதிதாக வரும் டீச்சர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லாருக்கும்? எந்த சேனல் போடறது?" என்றுதான். நான் சொல்வது: ஆப்பையும் சேனலையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் போனில் உள்ள கேமராவையும் வாய்ஸ் ரெக்கார்டரையும் பாடத்துக்குள் கொண்டு வாருங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு யாரோ எடுத்த கார்ட்டூனைவிட, தான் காலையில் பார்த்த எறும்பு டிவியில் பெரிதாக ஊர்வதுதான் அதிசயம்.

எவ்வளவு நேரம்?

3, 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 முதல் 5 வயதுக்கு அதே ஒரு மணி நேரத்தைத்தான் சொல்கிறது, அதுவும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்கிறது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் இட்லி ஊட்டும்போதே அந்த ஒரு மணி நேரத்தைத் தீர்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் வகுப்பில் எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுகிறேன். ஒரு நாளில் பத்து நிமிடம், அதையும் இரண்டாகப் பிரித்து. சில நாள் திரையே கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் டிவி போடுவதில்லை. அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த போனைக் கொடுப்பதில்லை. இந்த இரண்டிலும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூன் மாதம் அம்மாவைத் தேடி அழும் பிள்ளைக்கு வேண்டியது ஒரு மடி. நம்மால் முடியாவிட்டால் ஆயாம்மாவின் மடி.

முந்தின நாள் சாயங்காலம்

காட்டப் போகும் எதையும் முழுசாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முதல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நம்பிவிட முடியாது. நெட்டில் நேராக ஓட விட்டால் நடுவில் விளம்பரம் வரும், முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும், அது என்னவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நானே எடுத்ததை, அல்லது டவுன்லோட் செய்ய அனுமதி உள்ளதை, பென்டிரைவில் ஏற்றி டிவியில் சொருகிவிடுவேன். வகுப்பு நேரத்தில் நெட் தேவைப்படாது, சிக்னல் இல்லை என்ற கவலையும் இல்லை.

போனை டிவியோடு இணைக்கிறீர்கள் என்றால் முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்து, நோட்டிஃபிகேஷன் எதுவும் வராதபடி 'டோன்ட் டிஸ்டர்ப்' போடுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் வாட்ஸ்அப் வந்து குதிப்பது நன்றாக இருக்காது. சத்தத்தை, கடைசிப் பாயில் நாம் போய் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வைக்க வேண்டும். டிவியைப் பெரியவர்களின் கண் மட்டத்துக்குச் சுவரில் மாட்டியிருப்பார்கள். தரையில் உட்காரும் பிள்ளைகள் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். பாயைப் பின்னுக்கு இழுத்துப் போட்டால் போதும். ஒயரெல்லாம் சுவரோடு டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் காது

எழுத்துக்கு முன்னால் ஒலி. ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பழகாத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடுதான். இதற்குப் போனைவிட நல்ல சாமான் கிடையாது, திரையும் வேண்டியதில்லை.

ஊரில் கேட்கும் சத்தங்களை ரெக்கார்டு செய்யுங்கள். எங்கள் வகுப்பில் இருப்பவை: மாவு மில், குக்கர் விசில், வாய்க்கால் மதகில் தண்ணீர் விழுவது, பால்காரர் வண்டி ஹாரன், புளியமரத்துக் குயில், சத்துணவுக் கூடத்தில் தட்டு அடுக்குவது. ஒவ்வொன்றும் பத்து வினாடி இருந்தால் போதும். கண்ணை மூடச் சொல்லி ஒன்றைப் போட்டு, "என்ன சத்தம்? எங்க கேட்டீங்க? உங்க வாயில செஞ்சு காட்டுங்க" என்று கேட்பேன். அடுத்த வாரம் இரண்டு சத்தத்தை அடுத்தடுத்துப் போட்டு எது முதலில் வந்தது என்று கேட்பேன். பிறகுதான் சொற்கள். மரம், மயில், மணி, மஞ்சள் என்று பிள்ளைகள் குரலிலேயே பதிந்து, நடுவில் 'பல்லி' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டு, "யார் இதுல சேராதவங்க?" என்பேன். பல்லி வந்ததும் வகுப்பே கத்தும்.

தன் குரலைத் தானே கேட்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவளைத் தனியாக ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, போனை அவள் கையில் கொடுத்து, "உங்க வீட்டு ஆட்டுக்குட்டிகிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். "ப்பா... ப்பா... வாடி" என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். திருப்பிப் போட்டுக் காட்டியதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். "எல்லாருக்கும் போடட்டுமா?" என்றதற்குத் தலையாட்டினாள். எல்லோருக்கும் போட்டதும், "யாரு டீச்சர் அது?" என்று பையன்கள் கேட்க, "நான்தான்" என்று அவளே சொன்னாள். இதில் முக்கியமானது அனுமதி கேட்பது. பிள்ளை வேண்டாம் என்றால் அந்தப் பதிவை அங்கேயே அழித்துவிட வேண்டும்.

பார்க்காததைக் காட்ட வீடியோ

வீடியோவுக்கு நான் வைத்திருக்கும் விதி இது: பள்ளியைச் சுற்றி நடந்து போய்ப் பார்க்க முடிகிற எதையும் திரையில் காட்டுவதில்லை. மாடு, கோழி, நெல் வயல், மஞ்சள் காடு எல்லாம் வெளியே இருக்கின்றன. ரயில் அப்படி இல்லை. கோபிக்கு ரயில் பாதை கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் ஈரோடு போக வேண்டும். பல பிள்ளைகள் ரயிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

ரயில் பாடத்தை இப்படி நடத்துகிறேன். முதலில் பேச்சு: யார் பார்த்திருக்கிறீர்கள், எப்படி இருக்கும், பஸ்ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பிறகு, ஈரோடு ஸ்டேஷனில் நானே எடுத்த இரண்டு நிமிட வீடியோ. அதைச் சத்தமில்லாமல்தான் முதலில் ஓட விடுவேன். சத்தம் இல்லாதபோது பிள்ளைகள் பேசுவார்கள், "எவ்வளவு நீளம்!", "மாமா பச்சைக் கொடி காட்டறாரு" என்று வாக்கியம் வாக்கியமாக வரும். சத்தத்தோடு போட்டால் வாயைப் பிளந்து பார்ப்பார்களே தவிர ஒரு சொல் வராது. நடுவில் நிறுத்தி, "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்பேன். இரண்டாம் தடவை சத்தத்தோடு. டிவியை அணைத்த பிறகுதான் பாடத்தின் பெரிய பகுதி: ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே ரயில் ஓட்டுவது, எத்தனை பெட்டி என்று எண்ணுவது, காகிதத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது, கடைசிப் பெட்டி யார், நடுப் பெட்டி யார் என்று கண்டுபிடிப்பது. இரண்டு நிமிடம் பார்த்தால் அரை மணி நேரம் விளையாட வேண்டும். அடுத்த நாள் ஒரு அம்மா வந்து, "டீச்சருங்க, ரயிலுன்னு சொல்லி வீட்டுச் சேரையெல்லாம் வரிசையா அடுக்கிட்டாளுங்க, அவங்க அப்பாவும் டிக்கெட் வாங்கித்தான் உள்ள வரோணுமாமுங்க" என்றார். நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

கண்ணுக்குப் பிடிபடாததைக் காட்ட கேமரா

மெதுவாக நடப்பதும் மிகச் சிறியதும் பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கு கேமரா.

கண்ணாடி டம்ளரில் ஈரப் பஞ்சை வைத்து, ஓரமாகப் பச்சைப்பயறு நாலைந்தைச் சொருகுங்கள். டம்ளர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம், போனை வைக்கும் இடத்தில் ஒரு கோடு. தினமும் காலை வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மெதுவாக நடப்பதை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோ போட்டு இரவு முழுக்க போனை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. தினம் ஒரு போட்டோவே போதும். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் வரிசையாக டிவியில் ஓட்டினால், முதலில் வேர் கீழே இறங்குவதும் அதன் பிறகு தண்டு மேலே எழுவதும் பத்து வினாடியில் தெரிந்துவிடும். போன வருஷம் ஒரு பையன் தோல் உரியும் போட்டோவைப் பார்த்து, "பயறு சட்டையைக் கழட்டிடுச்சு" என்றான். விதையுறை என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது. அந்த டம்ளரையும் டிவி பக்கத்திலேயே வையுங்கள். படத்தில் பார்த்ததை உடனே தொட்டுப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை தூக்கும் எறும்பு, அரிசியில் வண்டு, செம்பருத்தியின் மகரந்தம், தங்கள் விரல் ரேகை: இவற்றை கேமராவில் ஜூம் செய்து டிவியில் காட்டலாம். போனில் மாட்டும் சின்ன கிளிப் லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவாக வரும்.

கதை

குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. டவுன்லோட் செய்யலாம், பிரின்ட் போடலாம். இந்த வயதுக்கு முதல் நிலைக் கதைகளே போதும். படத்தை டிவியில் போட்டுவிட்டுக் கதையை நீங்கள் வாசியுங்கள். தானாக ஓடும் குரல், படத்தில் ஒளிந்திருக்கும் பூனையைப் பிள்ளை விரல் நீட்டிக் காட்டும்போது நிற்காது. நாம் நிற்போம்.

எங்கள் பகுதியில் கன்னடம் பேசும் வீடுகள் உண்டு, மில் வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. அந்தத் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். கன்னடத்தில் உள்ளதை அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அனுப்பி, வாசித்து வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்வேன். திங்கட்கிழமை அம்மா குரலில் கன்னடத்தில் கேட்கிறோம், செவ்வாய்க்கிழமை அதே படங்களோடு தமிழில். தன் வீட்டு மொழியை டீச்சர் ஸ்பீக்கரில் போட்டதும் அந்தக் குழந்தை எவ்வளவு நிமிர்ந்து உட்காருகிறது என்று பாருங்கள்.

டேப் வகுப்பில் ஒன்றுதான் என்றால்

ஒன்றே போதும். மூன்று பேர் கொண்ட குழு, ஒருவர் கையில் டேப், மற்ற இருவர் சொல்ல வேண்டும். "வட்டமா இருக்கறதைத் தேடிப் போட்டோ எடுங்க" என்று வெளியே அனுப்புங்கள் (ஆயாம்மா கூடவே போவார்). கிணற்று வாளி, சைக்கிள் சக்கரம், இட்லி என்று வந்து சேரும். கேமராவை மட்டும் திறந்து, திரையை ஒரே ஆப்பில் நிறுத்தி வைக்கும் 'ஸ்க்ரீன் பின்னிங்' போட்டுவிட்டால் பிள்ளைகள் எளிதில் வேறு எதற்குள்ளும் போக முடியாது.

எழுத்தைத் திரையில் விரலால் வரையச் சொல்லும் ஆப்களை நான் பயன்படுத்துவதில்லை. வழுவழுப்பான கண்ணாடியில் விரல் சறுக்கிப் போகிறது, கைக்கு ஒரு எதிர்ப்பும் கிடைப்பதில்லை. தப்பாகக் கோடு போட்டாலும் நட்சத்திரம் மினுங்குகிறது. மணல் தட்டு, சிலேட்டுப் பலகை, களிமண் உருட்டுவது இவைதான் விரலுக்குப் பலம் தரும்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள்

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வருடத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அதன் பிறகும் பிள்ளைகளின் முகத்தை என் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. குரூப்பில் போடுவது கைகளும் செய்த பொருட்களும் மட்டும்தான்: களிமண் உருண்டை, ரயில் டிக்கெட், முளைத்த பயறு. மாதக் கடைசியில் போனில் இருப்பதை அழித்துவிடுகிறேன்.

வீட்டுப்பாடம் என்று வீடியோ அனுப்புவதும் இல்லை. அனுப்பினால் நம் வீடியோ முடிந்ததும் போன் பிள்ளை கையில்தான் இருக்கும். அதற்குப் பதில் நான் பெற்றோரிடம் கேட்கிறேன்: பாட்டி பாடும் தாலாட்டு, தாத்தா சொல்லும் விடுகதை, எதையாவது ரெக்கார்டு செய்து அனுப்புங்கள் என்று. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பாட்டி கூப்பிட வரும்போது வாசலிலேயே நான் பதிந்துகொள்வேன்.

எதை வாங்குவது?

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஸ்பீக்கர். சார்ஜ் போட்டு வைத்தால் கரண்ட் போனாலும் ஓடும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அடுத்தது போனிலும் டிவியிலும் சொருகும்படி உள்ள ஓடிஜி பென்டிரைவ். மூன்றாவது போனை ஆடாமல் நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு. இரண்டு செங்கல்லும் ஒரு ரப்பர் பேண்டும் இருந்தால் அதுவும் வேண்டாம். டிவி இல்லாத வகுப்பு என்றால் அதற்காகக் காத்திருக்காமல், நாளைக்கே மாவு மில் சத்தத்தைப் பதிந்துகொண்டு தொடங்கிவிடலாம்.