சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டத்தில் வைரஸ் பரவாமல் தடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

வைரஸ் ஏறிவிட்ட சாத்துக்குடி மரத்தைக் குணமாக்க மருந்தே கிடையாது. பூஞ்சை மருந்து அடித்தாலும், நுண்ணூட்டம் தெளித்தாலும் நோய் மரத்தை விட்டுப் போகாது. அதனால் அது வரும் வழிகளை அடைப்பதுதான் நம் வேலை. வழிகள் முக்கியமாக மூன்று: ஒட்டுக் கட்டும் மொட்டு, வெட்டும் கத்தி, சாறு உறிஞ்சும் பூச்சி. முதல் இரண்டும் முழுக்க நம் கையில் இருப்பவை. பெரும்பாலான தோட்டங்களில் நோய் நுழைவதும் அவற்றின் வழியேதான்.

படி 1: கன்று வாங்கும் முன் தாய்மரத்தைப் பற்றிக் கேளுங்கள்

கன்றின் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிரிஸ்டீசா வைரஸ் உள்ள தாய்மரம், நோயைத் தாங்கும் வேர்ச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் செடி) நின்றால் பல வருடம் செழிப்பாகவே காய்க்கும். அதன் மொட்டு ஒவ்வொன்றும் நோயைச் சுமக்கும்.

நாற்றங்காலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். தாய்மரம் பூச்சி புகாத வலைக்கூடத்தில் இருக்கிறதா? கடைசியாகப் பரிசோதித்தது எப்போது? எந்தெந்த நோய்களுக்கு? டிரிஸ்டீசா, சோரோசிஸ், எக்சோகார்டிஸ், கேக்கெக்சியா ஆகிய நான்கும் பட்டியலில் இருக்க வேண்டும். திறந்தவெளியில் நிற்கும் மரத்துக்குப் பழைய சான்றிதழ் போதாது. சோதனை முடிந்த அடுத்த வாரமே அசுவினி வந்து உட்காரலாம்.

நோயில்லாத தாய்மரத்தை உருவாக்க, 0.1 முதல் 0.2 மி.மீ. அளவுள்ள குருத்து நுனியை நுண்ணோக்கியின் கீழ் வெட்டி, ஆய்வகத்தில் வளர்த்த சிறு நாற்றில் ஒட்டுவார்கள். 1970-களில் வந்த இந்த முறை வைரஸையும், வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமியான வைராய்டையும் (எக்சோகார்டிஸ், கேக்கெக்சியா இந்த வகை) நீக்கும். வெப்ப சிகிச்சை மட்டும் செய்தால் வைராய்டு போகாது.

படி 2: வேர்ச்செடியைத் தேர்ந்தெடுங்கள்

1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டிய சாத்துக்குடி மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. டிரிஸ்டீசா என்ற சொல்லுக்கு அங்கே ‘சோகம்’ என்று பொருள். வைரஸ் ஒட்டுக்குக் கீழே உள்ள புளிப்பு ஆரஞ்சின் உணவுக் குழாய்களைச் சிதைக்கிறது. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காமல் வேர் பட்டினியில் சாகிறது. டிரிஸ்டீசா உள்ள பகுதியில் புளிப்பு ஆரஞ்சு வேண்டவே வேண்டாம்.

மூவிலை ஆரஞ்சும் ரங்பூர் எலுமிச்சையும் இந்தப் பட்டுப்போதலுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் அவற்றுக்கு எக்சோகார்டிஸ் வைராய்டு ஆகாது. அடிமரப் பட்டை உரிந்து மரம் குட்டையாகிவிடும். அதனால் இவற்றை எடுப்பவர்கள் படி 1-இல் வைராய்டு சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். கவனிக்க: தண்டுக்குழி உண்டாக்கும் கடுமையான டிரிஸ்டீசா வகை, வேர்ச்செடி எதுவானாலும் எலுமிச்சை, பம்பளிமாஸ் வகை மரங்களைத் தாக்கும்.

படி 3: கவாத்துக் கருவியைச் சுத்தம் செய்யுங்கள்

வைராய்டு, கத்தியின் விளிம்பில் ஒட்டிய சாற்றிலேயே அடுத்த மரத்துக்குப் போய்விடும். சாராயத்தில் துடைப்பதையும் நெருப்பில் காட்டுவதையும் நம்ப முடியாது. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான் வேலை செய்யும்.

5 சதவீத வெளுப்புத் திரவம் 200 மி.லி. எடுத்து, 800 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் 1 லிட்டர் கிடைக்கும். புட்டியில் உள்ள சதவீதத்தைப் படித்துவிட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். பிளேடில் உள்ள சாற்றையும் மரத்தூளையும் முதலில் துடையுங்கள், பிறகு ஒரு நிமிடம் முக்குங்கள். இரண்டு கத்தரிக்கோல் வைத்துக்கொண்டால் ஒன்று ஊறும்போது மற்றொன்றில் வெட்டலாம். வேலை தடைபடாது.

இங்கே வழக்கமாகத் தவறுவது இரண்டு விஷயம். நேற்றுக் கலக்கியதை இன்றும் பயன்படுத்துவார்கள். வெயிலும் சாறும் பட்டால் கரைசல் வீரியம் இழக்கும், தினமும் புதிதாகக் கலக்குங்கள். இரண்டாவது, துரு பிடிக்கிறது என்று வினிகரை அதிலேயே ஊற்றுவார்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். கருவியைத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவினால் போதும்.

படி 4: துளிர்க் காலத்தில் அசுவினியைக் கவனியுங்கள்

டிரிஸ்டீசாவைப் பரப்புவதில் பழுப்பு எலுமிச்சை அசுவினிக்கு ஈடு இல்லை. அடுத்தது பருத்தி அசுவினி. சில நிமிடம் முதல் சில மணி நேரம் உறிஞ்சினாலே வைரஸ் பூச்சியில் ஏறிவிடும், ஒன்றிரண்டு நாளில் அதிலிருந்து நீங்கியும் விடும். வெளியிலிருந்து பறந்து வரும் அசுவினி மருந்தால் சாகும் முன்பே வைரஸைச் செலுத்திவிடும். ஆகவே மருந்து மட்டும் நோயைத் தடுக்காது. உள்ளே பெருகுவதை அது குறைக்கும், அவ்வளவுதான்.

அசுவினி இளந்துளிரில்தான் பெருகும். நெரிசல் கூடியதும் இறக்கை முளைத்துப் பறக்கும். ஆகவே தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கண்டபடி கவாத்து செய்து துளிரை வரவழைக்காதீர்கள். நேராகச் சீறி வளரும் கிளைகளான போத்துகளை அவ்வப்போது கிள்ளுங்கள். எறும்பு ஏறாமல் தடுத்தால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு தன் வேலையைப் பார்க்கும்.

படி 5: வரைபடம் போட்டு மரம் மரமாகப் பாருங்கள்

வரிசை எண், மர எண் எழுதி, வாடலான மரங்களைக் குறியுங்கள். சந்தேகமான மரத்தில் ஒட்டுக் கட்டிய இடத்தின் குறுக்கே 3 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்துக்குப் பட்டையைச் சீவி எடுங்கள். உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியானால், ஒட்டுக்குக் கீழ்ப் பகுதியில் ஊசியால் குத்தியதுபோல நெருக்கமான துளைகள் தெரியும். பட்டை நீங்கிய மரக்கட்டையின் மேல் அதற்கு ஈடாக நுண்ணிய முட்கள் நிற்கும். தண்டுக்குழி வகையில் இது தலைகீழ்: குழி மரக்கட்டையில், மேடு பட்டையின் உட்புறத்தில்.

இன்னொரு சோதனை: பென்சில் தடிமன் வேரை வெட்டி ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் வேர் பட்டினி. ஆனால் அடிமரத்தில் பிசின் வடியும் அழுகல் நோயும் இதே விடையைத் தரும், அதனால் பட்டையையும் சேர்த்தே பாருங்கள்.

இலை மஞ்சளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். துத்தநாகக் குறைபாட்டில் நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சளிக்கும். கிரீனிங் நோயில் இருபுறமும் வேறுபடும். கிரீனிங் பாக்டீரியாவால் வருவது, சில்லிட் பூச்சி பரப்புவது.

படி 6: மாதிரி எடுத்து உறுதி செய்யுங்கள்

மரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் சமீபத்தில் முற்றிய துளிரை எடுங்கள். வைரஸ் மரம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரே கிளையில் எடுத்தால் நோயிருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். கடும் கோடையிலும் வைரஸின் அளவு குறைந்திருக்கும், அப்போது எடுக்காதீர்கள். பையிலும் மரத்திலும் ஒரே எண்ணைக் கட்டி, உறைய விடாமல் குளிர்ச்சியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

படி 7: அகற்றுவதா, விடுவதா?

நூறில் ஒன்றிரண்டு மரத்தில் மட்டும் நோய் உறுதியானால் உடனே அகற்றுங்கள். முதலில் அந்த மரத்து அசுவினியைக் கொல்லுங்கள், பிறகு வெட்டுங்கள். வரிசை மாறினால் கிளை வாடியதும் பூச்சியெல்லாம் பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். வேரோடு பிடுங்க முடியாவிட்டால் வெட்டிய கட்டையில் உடனே களைக்கொல்லி பூசுங்கள். கட்டையில் முளைக்கும் துளிர் வைரஸோடுதான் வரும்.

தோட்டத்தில் பாதிக்கு மேல் நோய் பரவிவிட்டால் வெட்டுவதில் பயனில்லை. அங்கே தாங்கும் வேர்ச்செடியும், கடுமையான வகையைத் தடுக்க மென்மையான வைரஸ் வகையை முன்கூட்டியே ஏற்றிய கன்றும்தான் வழி. பிரேசிலில் பெரா ரகச் சாத்துக்குடி இப்படித்தான் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் எந்த வகையை ஏற்றுவது என்பதை ஆராய்ச்சி நிலையம்தான் முடிவு செய்ய வேண்டும். அக்கம்பக்கத்து மரத்தின் மொட்டை எடுத்து நீங்களே முயன்றால் கடுமையான வகையும் சேர்ந்து வந்துவிடும்.

டிரிஸ்டீசா மண்ணில் தங்காது, விதையிலும் வராது. வெட்டிய குழியிலேயே சோதித்த புதுக் கன்றை நடலாம்.