எள்ளுக்குள் ஒரு பூட்டு: செசமினைத் தாளில் வரைந்து புரிந்துகொள்வோம்

"எள் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி எகிறும்" என்று வாட்ஸ்அப்பில் வராத வாரமில்லை. உண்மையில் எள்ளில் உள்ள செசமின் என்ற இயற்கை வேதிப்பொருள் எங்கே போய் என்ன செய்கிறது? ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். வேதியியல் தெரிந்திருக்க வேண்டாம்.

படி 1: தாளின் உச்சியில் 'லினோலெயிக் அமிலம்' என்று எழுதுங்கள். இது ஒமேகா-6 கொழுப்பு. நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் இதுதான்.

படி 2: கீழ்நோக்கி அம்பு போட்டு வரிசையாக எழுதுங்கள்: டிஜிஎல்ஏ (இதுவும் ஓர் ஒமேகா-6 கொழுப்பு அமிலம்), அராக்கிடோனிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டின் இ2. (நடுவே இன்னும் சில மாற்றங்கள் உண்டு, இப்போதைக்கு வேண்டாம்.) முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று வலிக்கிறதே, அந்த அழற்சியில் கடைசியாக எழுதிய பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு.

படி 3: டிஜிஎல்ஏவுக்கும் அராக்கிடோனிக் அமிலத்துக்கும் நடுவில் ஒரு பூட்டு வரையுங்கள். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது டெல்டா-5 டீசாச்சுரேஸ் என்ற நொதி. செசமின் அதைத் தடுக்கிறது. இது தெரியவந்த கதை சுவையானது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பூஞ்சையை வளர்த்துக் கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்லெண்ணெய் சேர்த்தபோது டிஜிஎல்ஏ மட்டும் தேங்கி நின்றது. காரணம் செசமின் என்று 1991-இல் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. பாருங்கள், மூலப்பொருளைத் தருவதும் எள், நடுவில் பூட்டுப் போடுவதும் எள்!

படி 4: அராக்கிடோனிக் அமிலத்துக்குக் கீழே உள்ள அம்பில் 'ஆஸ்பிரின்' என்று எழுதுங்கள். அந்த வலி மாத்திரை தடுக்கும் இடம் இதுதான். செசமின் ஒரு படி மேலே நிற்கிறது. அதற்காக இரண்டும் ஒரே பலம் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 5: ஓரத்தில் ஒரு சுவிட்ச் வரைந்து 'என்எஃப்-கப்பா பி' என்று பெயரிடுங்கள். எதிர்ப்புச் செல்களில் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் இது. ஆய்வகச் செல்களில் செசமின் இதை அடக்கியிருக்கிறது. ஆக, எதிர்ப்பு சக்தியை செசமின் எகிற வைக்கவில்லை. அதன் ஆவேசத்தைத் தணிக்கிறது.

படி 6: இதுவரை வரைந்ததில் பெரும்பகுதி செல், எலி ஆய்வுகளில் கண்டது என்று அடியில் குறித்துவையுங்கள். மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிட்டு எள்ளுருண்டைக்கு மாறுகிறேன் என்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படிக்கவும்.

இனி அடுப்படி. ஒரு கிராம் எள்ளில் செசமின் சில மில்லிகிராம்தான். முழு எள் மெல்லாமல் விழுங்கினால் அப்படியே வெளியேறக்கூடும். அதனால் இளவறுப்பாக வறுத்துப் பொடியுங்கள். செசமின் கொழுப்பில் கரைவது. இட்லிக்கு எள்ளுப்பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைக்கும் நம் பழக்கம் இதற்குத் தோதானது.

எள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் அதை ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிடுவது கட்டாயம். சாப்பிட்டதும் உதடு தடித்தாலோ மூச்சு இறுகினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.