மூன்று நாள் அலைக்கழித்த ஐட்லிங்

முழுதாகப் பிரித்துக் கட்டிய எஞ்சினைப் பழைய வேனில் பொருத்தியபின், சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பு) இழுத்திருக்கும்வரை ஒழுங்காக ஓடிய வண்டி, சூடேறியதும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) வேகம் ஏறி இறங்கித் தடுமாறியது. புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படிவதற்காக வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டவேண்டிய நேரத்தில், நிறுத்தங்களிலெல்லாம் அணைந்துபோகும் எஞ்சின் பெருந்தொல்லையாயிற்று.

வால்வு இடைவெளியையும் பிளக்கில் பொறி எழச் செய்யும் பாயிண்டின் இடைவெளியையும் சரிபார்த்து, டைமிங் விளக்கு வைத்து பொறி எழும் நேரத்தைத் திருத்தினேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டுகளை (பெட்ரோல் வரும் நுண்துளைகளை) இருமுறை கழற்றிக் கழுவினேன். பலனில்லை. அந்தக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எஞ்சினின் ஓசை மாறாததை அப்போதே கவனித்திருக்க வேண்டும். வேறெங்கிருந்தோ காற்று நுழையக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். கலவையை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டு குழாயின் மூட்டை அடைக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகித்துப் புதிது போட்டது வீண் வேலை.

நான்காம் நாள், கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தண்டின் முனையை விரலால் பக்கவாட்டில் தற்செயலாக அழுத்தியபோது ஐட்லிங் சட்டென்று சீரானது. விரலை எடுத்ததும் மீண்டும் தடுமாறியது. எஞ்சின்தான் புதிது, கார்புரேட்டர் பழையதாயிற்றே! தண்டு சுழலும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது; அந்த இடுக்கு வழியேதான் காற்று நுழைந்திருக்கிறது. துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் (உள்வளையம்) இட்டு, புதுத் தண்டு பொருத்தி, டைமிங்கை மறுபடி பார்த்த பின்னரே மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொட்டேன். இம்முறை கால் சுற்றிலேயே ஓசை மாறியது. 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியபோது கழற்றிப் பார்த்த பிளக்குகள், காற்று மிகுந்ததால் முன்பிருந்த வெளுப்பு நீங்கி, கலவை சரியென்று காட்டும் வெளிர் பழுப்பாக இருந்தன.