துணைப்பாட நிலையத்துக்குப் பெற்றோர் தொடர்புத் தளம் அமைக்க

சிங்கப்பூரில் அரசுப் பள்ளிகளுக்கு 2019 முதல் ‘பேரன்ட்ஸ் கேட்வே’ என்ற பெற்றோர் தொடர்புச் செயலி இருக்கிறது. அதோடு மோத வேண்டாம். துணைப்பாட நிலையம், வார இறுதித் தமிழ் வகுப்பு என்று தொடங்குங்கள்.

முதல் பதிப்புக்கு அறிவிப்பு, ஒப்புதல் படிவம், வருகைப் பதிவு போதும். அரட்டைக் குழு வைத்தால் ஆசிரியர் இரவு பதினொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருப்பார். மாதம் முடிவதற்குள் தளத்தையே வெறுத்துவிடுவார்.

உண்மையான சிக்கல் தமிழ் எழுத்தில் வரும். ‘கோ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரண்டாகப் பிரிந்தும் பதிவாகலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘கோமதி’ என்று தேடினால் பெயர் அகப்படாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவுக்கு, மாற்றுங்கள்.

குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. அதிலும் ‘கு’ இரண்டாகக் கணக்காகும். நீண்டால் செய்தி பகுதிகளாகப் பிரியும். பகுதிக்கு 67தான், கட்டணமும் பகுதிவாரியாக ஏறும். ஆகவே வகுப்பு ரத்து போன்ற அவசரத்துக்கு மட்டும் குறுஞ்செய்தி. மற்றவை செயலி வழியே போகட்டும். அனுப்புநர் பெயரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். செய்யாவிட்டால் 2023 முதல் ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரை விழுகிறது. எந்தப் பெற்றோரும் திறக்க மாட்டார்.

உள்நுழைவுக்கு அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். நிலையம் தரும் ஒருமுறைக் குறியீடும் கைப்பேசி எண்ணும் போதும். தரவு கசிந்து 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டால், 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வளர்ச்சியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று அளக்காதீர்கள். அறிவிப்பை 24 மணி நேரத்துக்குள் எத்தனை குடும்பம் படித்தது என்று பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால் அடுத்த நிலையத்தைத் தேடிப் போகாதீர்கள். பெரும்பாலும் செய்தி நீளமாக இருக்கும், அல்லது பெற்றோர் வேலையில் இருக்கும் நேரத்தில் போயிருக்கும்.