விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி சாதனம் தானாகவே இணைய ஃபில்டர் போடுவது எப்படி?

என் கணினியில் லினக்ஸ் மின்ட். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) விண்டோஸ் 10. ஆர்டுவினோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன மின்னணு போர்டு) வேலையெல்லாம் அந்த விண்டோஸில்தான். ஆனால் போர்டைச் செருகினால் அது நேரே லினக்ஸிடம் போய்விடும். ஒவ்வொரு தடவையும் மெனுவைத் திறந்து, டிக் போட்டு, உள்ளே அனுப்ப வேண்டும். பென்டிரைவ் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். லியோனார்டோ என்ற ஆர்டுவினோ போர்டுக்கு அது ஒத்தே வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அனுமதி

லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. மின்ட் மெனுவில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' திறந்து, உங்கள் பெயரை விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் சேர்த்துவிடுங்கள். பிறகு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் சாதனப் பட்டியல் காலியாகவே இருக்கும்.

கன்ட்ரோலர்

விர்ச்சுவல் மெஷினை ஷட்டவுன் செய்துவிட்டு, செட்டிங்ஸில் யூஎஸ்பி பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10 என்றால் 3.0 தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 7 என்றால் 2.0 போதும், அதில் 3.0-க்கான டிரைவர் கூடவே வராது. 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இவை விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் எக்ஸ்டென்ஷன் பேக் தனியாகப் போட வேண்டும்.

ஃபில்டர்

போர்டைச் செருகுங்கள். அதே பக்கத்தில், பச்சைக் கூட்டல் குறி உள்ள பட்டனை அழுத்தினால் செருகியிருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். போர்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டர், அதாவது 'இந்தச் சாதனம் வந்தால் விண்டோஸுக்கே கொடு' என்ற விதி, தயார். பெரும்பாலான சாதனங்களுக்கு இவ்வளவுதான் வேலை. மெஷினை ஆன் செய்து, சாதனத்தைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், நேராக விண்டோஸுக்குள் போகும்.

லியோனார்டோவில் நான் இதோடு நிறுத்தியபோது போர்டு உள்ளே வந்தது, புரோகிராம் மட்டும் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதியில் போர்ட் (போர்டோடு விண்டோஸ் பேசும் வழி) காணாமல் போனது. காரணம் இதுதான். சாதாரணமாக ஓடும்போது அந்த போர்டின் வெண்டர் ஐடி (தயாரிப்பாளரின் எண்) 2341, புராடக்ட் ஐடி (சாதனத்தின் எண்) 8036. புரோகிராம் ஏற்றும்போது அது ரீசெட் ஆகி, புதிய புரோகிராமை வாங்கி ஏற்றும் பூட்லோடர் என்ற சின்ன மென்பொருளுக்குப் போகிறது. அப்போது புராடக்ட் ஐடி 0036 ஆகிவிடும். ஃபில்டரைப் பொறுத்தவரை இது வேறொரு சாதனம், அதனால் தொடாமல் விட்டுவிடுகிறது. லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. பூட்லோடர் காத்திருப்பது சுமார் 8 வினாடிதான். அதற்குள் மெனுவைத் தேடி டிக் போட நம் கைக்கு வேகம் போதாது.

இதைச் சரிசெய்ய ஃபில்டரை டபுள் கிளிக் செய்யுங்கள். வெண்டர் ஐடியில் 2341 இருக்கட்டும். புராடக்ட் ஐடி, ரிவிஷன், சீரியல் நம்பர் என்று மற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள் (ஃபில்டரின் பெயர் இருக்கலாம், அது நம் வசதிக்குத்தான்). காலியாக விட்ட கட்டத்துக்கு 'எதுவானாலும் சரி' என்று அர்த்தம். இப்போது இரண்டு எண்களும் சிக்கும்.

அதற்காக வெண்டர் ஐடியையும் காலியாக விட்டுவிடாதீர்கள். எல்லாமே காலியான ஃபில்டர், செருகியிருக்கும் எல்லா யூஎஸ்பி சாதனத்தையும் இழுக்கும். கீபோர்டு, மவுஸும் அதில் சேர்த்தி.

சோதனை

மெஷினை ஆன் செய்து போர்டைச் செருகுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் லியோனார்டோ தெரிய வேண்டும். புரோகிராம் ஏற்றுவதற்கு முன், போர்டில் உள்ள ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். 'எல்' என்று குறித்த சின்ன விளக்கு மெல்லக் கூடிக் குறைந்து எரியும், அதுதான் பூட்லோடர். அந்த நேரத்தில் டிவைஸ் மேனேஜரில் பூட்லோடர் என்ற பெயரோடு புதிய போர்ட் வர வேண்டும். முதல் தடவை விண்டோஸ் அதை அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். அது வந்துவிட்டால், அப்புறம் அப்லோடு பட்டனை அழுத்தலாம்.